இறக்கை கழற்றி வந்த விமானமும் இறக்குமதியாளர் ஆகிப்போன என் மகனும்: நம் பறப்போர் கூட்டின் செயற்குழுவுக்குத் திறந்த மடல்

தலைவர் டத்தோ அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர் உள்ளிட்ட செயற்குழுவினர் அனைவருக்கும்,

சென்ற சனிக்கிழமை இரவு ஒன்பதேகாலுக்கு உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பை என் மகன் காட்டினான். அதில் இரண்டு செய்திகள். நாற்பது உறுப்பினரும் பங்கு போட்டு வாங்கிய முதல் விமானத்தின் "கூடுதல் செலவு" ஆளுக்கு 6,500 ரிங்கிட். முப்பது நாளுக்குள் கட்டாதவர் பங்கு ரத்து. இரண்டாவது, ஆஸ்திரேலியாவிலிருந்து பைப்பர் செனக்கா என்னும் ஆறு இருக்கை, இரட்டை இயந்திர விமானம் வாங்க முதல் விமானத்தைத் தருவித்த அதே ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

முதல் விமானம் ஒரு நாள்கூடப் பறக்கவில்லை. சுபாங் விமான நிலையத்தில் ஒரு ஹேங்கரின் ஓரத்தில் இறக்கை ஒட்டாமல் பதினான்கு மாதமாக நிற்கிறது. அதன் கணக்கை நீங்கள் இன்றுவரை காட்டவில்லை. இந்த நிலையில் இரண்டாவதுக்கு முன்பணம் என்றால் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் உங்கள் உறுப்பினர் அல்ல. ஆனால் என் மகனின் பங்குக்குப் போன 10,000 ரிங்கிட் என் சேமநிதிப் பணம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும், வெளியே வாடகைக்கு எடுத்துப் பறந்தால் கட்டுப்படியாகாது, கூட்டில் சேர்ந்தால் எண்ணெய்க் காசோடு போகும் என்று அவன் சொன்னான், கொடுத்தேன். அதற்கு முன் 1989 முதல் 2021 வரை கிள்ளான் துறைமுகத்தில், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தில் வேலை பார்த்தவள். 1995-இல் கொம்யூட்டர் ரயில் வந்த பிறகு பல ஆண்டு செந்தூலில் ஏறினால் ஒரே ரயிலில் துறைமுகம் என்றிருந்தது. அந்த ரயிலில் உட்கார்ந்து கே1 என்னும் சுங்க இறக்குமதி அறிவிப்புப் பாரங்கள் எத்தனை ஆயிரத்தைத் திருத்தியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்த விமானத்தை வாங்கிய முறையில் எது எங்கே கோணலாகப் போனது என்பது அந்தப் பழக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கூட்டத்தில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். என் மகன் மூன்று கூட்டத்தில் கேட்டான். "தம்பி, இதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று பதில் வந்தது. சரி, இப்போது பெரியவள் ஒருத்தி கேட்கிறேன்.

2023-இல் நீங்கள் அனுப்பிய முதல் தாள் என்னிடம் இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் 1979-ஆம் ஆண்டு செஸ்னா 172 ஒன்று, விலை 79,000 டாலர். டாலருக்கு 4.50 வைத்து 355,500 ரிங்கிட். மிச்சம் 44,500 ரிங்கிட் "கப்பல் மற்றும் இதர செலவு". ஆக மொத்தம் நான்கு லட்சம், நாற்பது பேர், ஆளுக்குப் பத்தாயிரம். படிக்க அழகாக இருந்தது. கணக்கு இவ்வளவு வட்டமாக வந்தால் எங்கள் தொழிலில் அதை நம்பமாட்டோம்.

நீங்கள் பணம் அனுப்பியது 2024 பிப்ரவரியில். ரிங்கிட் டாலருக்கு 4.80 வரை சரிந்து, 1998 நெருக்கடிக்குப் பிறகு காணாத தட்டில் நின்ற மாதம் அது. உங்களுக்குக் கிடைத்தது 4.75. அந்த 25 சென் வித்தியாசம் மட்டும் 19,750 ரிங்கிட்டைத் தின்றுவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டாலர் 4.20 ரிங்கிட்டுக்கும் கீழே வந்தது. நாணயம் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தெரியாது என்பதற்காகத்தானே கணக்கில் கொஞ்சம் இடம் விட்டுவைப்பது? உங்கள் தாளில் ஒரு சென்னுக்குக்கூட இடம் இல்லை.

அடுத்தது "கப்பல் மற்றும் இதர". சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். விமானத்தில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் சுமைகூலியை ஒரே வரியில் எழுதி முடித்துவிட முடியாது. செஸ்னா 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். வால்பக்கக் கிடைச்சிறகு 3.4 மீட்டர் அகலம். நாற்பது அடி கண்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்தான். வாலின் செங்குத்துச் சிறகு தரையிலிருந்து ஏறக்குறைய 2.7 மீட்டர், உயரம் கூடிய ஹைகியூப் கண்டெய்னரின் வாசலே 2.58 மீட்டர். ஆகவே இறக்கையை மட்டும் கழற்றினால் போதாது. வாலையும் பிரிக்க வேண்டும். அதை மெக்கானிக்தான் பிரிக்க வேண்டும். பிரித்ததை ஆட்டம் இல்லாமல் வைக்கச் சட்டம் அடிக்க வேண்டும், எண்ணெயை வடிக்க வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும், துறைமுகம் வரை லாரி பிடிக்க வேண்டும். விற்றவரோடு நீங்கள் போட்டது எக்ஸ் ஒர்க்ஸ் ஒப்பந்தம். "என் கொட்டகையில் நிற்கிறது, வந்து எடுத்துக்கொள்" என்று அர்த்தம். கொட்டகைக் கதவுக்கு வெளியே நடக்கும் அத்தனையும் உங்கள் பாடு. இது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா?

என் மகன் பெயருக்கு வந்த ரசீதுகளின்படி பிரித்தல், கட்டுதல், சாலை வழி எல்லாம் 9,500 டாலர். கப்பல் கட்டணம் 7,200. காப்புறுதி 1,300. கப்பல் கட்டணம் உங்கள் ஏஜெண்ட் முதலில் சொன்னதைவிட ஏறியதற்குக் காரணம் உண்டு: 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பெரிய நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின, பனாமா கால்வாயிலோ வறட்சியால் ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்று கட்டுப்பாடு. செய்தி கேட்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் 2023 நடுவில் வாங்கிய கட்டண மதிப்பீட்டை 2024-இல் தூக்கிக்கொண்டு நின்றது உங்கள் பிழை. அந்த மதிப்பீடுகள் சில வாரங்களுக்குத்தான் செல்லும். காலாவதித் தேதி அதே தாளின் அடியில் இருக்கும்.

விலையோடு இவற்றைக் கூட்டினால் 97,000 டாலர். 4.75-இல் 460,750 ரிங்கிட். சுங்கத்துறை பார்ப்பது இந்த 97,000 டாலரைத்தான். நம் நாட்டில் இறக்குமதிப் பொருளின் மதிப்பு சிஐஎஃப் முறையில், அதாவது விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்த்து. வாங்கியவர் கட்டிய பொதிகட்டும் செலவும் அதில் சேரும். டாலரை ரிங்கிட்டாக மாற்றுவதும் சுங்கத்துறை வெளியிடும் விகிதத்தில்தான், உங்கள் வங்கி கொடுத்த விகிதத்தில் அல்ல. நீங்கள் 79,000-ஐ வைத்து வரி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உண்மையான அடித்தளம் அதைவிட 18,000 டாலர் உயரத்தில் இருந்தது.

"விமானத்துக்கு உலகம் முழுக்க வரி கிடையாது" என்று பொருளாளர் ஒரு கூட்டத்தில் சொன்னாராம். அவர் எதைக் கேள்விப்பட்டிருப்பார் என்று எனக்குப் புரிகிறது. 1980-இல் நடைமுறைக்கு வந்த சிவில் விமான வர்த்தக ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த நாடுகள் விமானத்துக்கும் பாகங்களுக்கும் இறக்குமதி வரி போடுவதில்லை. மலேசியா அதில் உறுப்பினர் அல்ல. அது போகட்டும், இறக்குமதி வரி வேறு, விற்பனை வரி வேறு. ஒன்று சுழியம் என்றால் மற்றதும் சுழியம் ஆகிவிடாது. இறக்குமதி வரியையும் மதிப்போடு கூட்டி, அந்தத் தொகைமேல்தான் விற்பனை வரி கணக்காகும். ஜிஎஸ்டி 2015-இல் வந்தது, 2018-இல் போனது, அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை வரி திரும்பி வந்தது, 2025 ஜூலை 1 முதல் அதன் பட்டியல் விரிந்தது. இப்படி மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை நான் நினைவிலிருந்து எழுதமாட்டேன். ஓய்வு பெற்றவள் நினைவைவிட அன்றைய ஆணைதான் பெரிது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: 460,750 ரிங்கிட்டில் ஒவ்வொரு விழுக்காடும் 4,600 ரிங்கிட்டுக்கு மேல். பத்து விழுக்காட்டில் விழுகிற பொருள் என்றால் 46,000. உங்கள் "இதர" முழுவதும் அதிலேயே கரைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் பொருள் வருவதற்கு முன்பே சுங்கத்துறையிடம் எழுத்தில் முடிவு கேட்டு வாங்கும் வழி இருக்கிறது. விலக்குக் கோருவதானாலும் கப்பல் கிளம்புமுன் எழுத வேண்டும். கண்டெய்னர் யார்டில் நின்றபிறகு எழுதினால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

குலோத்துங்கச் சோழனுக்குச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயர். அவர் காலம் முடிந்து ஒன்பது நூற்றாண்டு ஆகிறது. கிள்ளானில் அவர் பணியில் இல்லை.

இனி கண்டெய்னர் திறந்த கதை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

2024 ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகன் போன் செய்தான். "அம்மா, கஸ்டம்ஸில் கூப்பிடறாங்க, என் பேரைச் சொல்லிக் கேக்கறாங்க." எதற்கு அவன் பெயர்? அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கூட்டின் பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்ததால், கப்பல் ஆவணத்தில் சரக்கு பெறுபவர் பெயர் போட உங்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. இருபத்து நான்கு வயதுப் பையனிடம் அடையாள அட்டை நகல் வாங்கி, "சும்மா ஃபார்மாலிட்டி" என்று சொல்லி, அவனை இறக்குமதியாளர் ஆக்கிவிட்டீர்கள். அவனும் கொடுத்திருக்கிறான், என்னிடம் சொல்லாமல். அவனுக்கு வீட்டில் தனியாகக் கிடைத்தது. அது உங்களுக்கு வேண்டாம்.

நான் ரயிலேறிப் போனேன். யார்டில் முத்திரையை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். மூக்கு எங்களைப் பார்த்தபடி விமானத்தின் உடல். இரண்டு இறக்கையும் பழைய போர்வை சுற்றி இருபுறமும் சாத்தியிருந்தது. ஏதோ ஒரு பெரிய பறவையைப் பிடித்துக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது மாதிரி எனக்குப் பட்டது. அந்தப் பெண் அதிகாரி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், கையிலிருந்த விலைப்பட்டியலைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார். "இனி காப்பால் தெர்பாங் கெ, அலாட் கந்தி கெ?" என்றார். இது விமானமா, உதிரிப்பாகமா?

நியாயமான கேள்வி. விலைப்பட்டியலில் விற்றவர் எழுதியிருந்தது "விமான உதிரிப்பாகங்கள், ஒரு தொகுதி". பொதிப் பட்டியலில் முழு விமானம். சுங்கவரிப் பட்டியலில் உதிரிப்பாகத்துக்குத் தலைப்பு 8807. விமானத்துக்கு 8802, அதிலும் வெற்று எடை 2,000 கிலோவுக்கு உட்பட்டது தனி வரிசை. பிரித்து வந்தால் பாகம் ஆகிவிடுமா? ஆகாது. பொது விளக்க விதிகளில் 2(அ) என்று ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு மனப்பாடம் செய்துவைத்த விதி. ஒரு பொருளைக் கழற்றிக் கொண்டுவந்தாலும் அது முழுப் பொருளாகவே வகைப்படும். தொண்ணூறுகளில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கோயிலுக்குத் தேர் வந்தது. சக்கரம் தனி, தட்டு தனி, குதிரை பொம்மை தனி. அனுப்பியவர் "மரச்சாமான்" என்று எழுதியிருந்தார். தேர்தான் என்று திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வெளியே எடுத்தோம். தேருக்கு உள்ள விதிதான் செஸ்னாவுக்கும்.

உங்கள் ஏஜெண்ட் இதை அறியாதவரா, அறிந்தும் வரி குறையட்டும் என்று விட்டாரா, எனக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் தவறான அறிவிப்பு 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின் கீழ் குற்றம். அந்தத் தாளில் இருந்தது ஏஜெண்டின் பெயர் அல்ல, டத்தோ அவர்களே, உங்கள் பெயரும் அல்ல. என் மகன் பெயர். அன்று மதியம் யார்ட் கேண்டீனில் அவன் ஒரு தே ஓ வாங்கி வைத்துவிட்டு, குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

அதிகாரியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விளக்கக் கடிதம் கேட்டார், கொடுத்தோம். திருத்திய விலைப்பட்டியல் கேட்டார், புளோரிடாவிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. நடுவில் மரச்சட்டத்தில் வெப்பமூட்டிய முத்திரை இல்லை என்று இன்னொரு பிரச்சினை. பூச்சி வராமல் இருக்க மரப்பொதிக்கு உலக அளவில் உள்ள விதி அது, ஐஎஸ்பிஎம் 15. இருபது ஆண்டுக்கும் மேலாக இருக்கிறது. பழைய பலகையை வைத்து எவரோ சட்டம் அடித்திருக்கிறார். ஆக 23 நாள். யார்ட் வாடகையும் கண்டெய்னர் தாமதக் கட்டணமும் சேர்ந்து 14,300 ரிங்கிட். இதை நீங்கள் உறுப்பினர்களுக்கு எழுதியபோது "துறைமுக நெரிசல்" என்று எழுதினீர்கள். அந்த மூன்று வாரத்தில் பாதி நாள் நான் அங்கே இருந்தேன். எங்கள் கண்டெய்னரைத் தாமதப்படுத்திய நெரிசல் எதையும் நான் காணவில்லை.

இவ்வளவும் பணத்தோடு போகிற விஷயம். அடுத்தது அப்படி அல்ல.

அமெரிக்காவில் விமானம் வாங்கும் எவரும் முதலில் செய்வது ஓக்லஹோமா சிட்டியில் உள்ள விமானப் பதிவகத்தில் உரிமைத் தேடல். யார் பெயரில் இருக்கிறது, யாருக்கு அடகு, எந்தக் கடன் தீராமல் கிடக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். நம் ஊரில் நிலம் வாங்குமுன் கிராண்ட் என்னும் நிலப்பட்டாவை எடுத்துப் பார்ப்பது மாதிரி. நூறு, நூற்றைம்பது டாலர் வேலை. நீங்கள் செய்யவில்லை. பணம் முழுதும் கொடுத்து, கப்பலேற்றி, இங்கே இறக்கிய பிறகு, அமெரிக்கப் பதிவை நீக்கக் கேட்டபோதுதான் தெரிந்தது: தொண்ணூறுகளில் முன்னொரு உரிமையாளர் வாங்கிய கடனுக்கான அடகு பதிவிலேயே கிடக்கிறது. அந்தக் கடன் எப்போதோ தீர்ந்திருக்கலாம். ஆனால் தீர்ந்ததற்கோ, கடன் கொடுத்தவர் சம்மதித்ததற்கோ தாள் வேண்டும். கடன் கொடுத்த வங்கி இருமுறை வேறு வங்கிகளோடு இணைந்து பெயரே மாறிப்போயிற்று.

அந்தப் பதிவு நீங்காமல் 9எம் என்று தொடங்கும் நம் மலேசியப் பதிவு கிடைக்காது. 1944 சிகாகோ உடன்படிக்கையிலேயே இருக்கிறது: ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவாகி இருக்க முடியாது. பதிவு இல்லாமல் பறக்கத் தகுதிச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் அது நாற்பது பேர் சேர்ந்து வாங்கிய ஓர் அலுமினியப் பெட்டி. விமானக் கடன்களுக்கென்று கேப் டவுன் உடன்படிக்கை இருக்கிறதே, மலேசியாவும் சேர்ந்திருக்கிறதே என்று செயலாளர் எழுதியிருந்தார். உண்மை, 2006 முதல் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது குறைந்தது எட்டுப் பேரை ஏற்றும் விமானத்துக்கு. நான்கு இருக்கைக்கு அந்தக் குடை எட்டாது.

பிறகு அவரே இன்னொரு வழி சொன்னார்: அமெரிக்க டிரஸ்ட் ஒன்றின் பெயரில் வைத்து, அமெரிக்கப் பதிவிலேயே பறந்துகொண்டிருக்கலாமே? சட்டப்படி அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிரஸ்டுக்கு ஆண்டுதோறும் கட்டணம். ஆண்டுச் சோதனையை அமெரிக்க அங்கீகாரம் உள்ள மெக்கானிக்தான் செய்து கையெழுத்திட வேண்டும். அப்படிப்பட்டவர் சுபாங்கில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். என் மகனின் மலேசிய உரிமத்தை வைத்து அந்த விமானத்தை மலேசியாவுக்குள் ஓட்டலாம். தாய்லாந்தின் ஹாட்யாய் போகவோ சிங்கப்பூரின் சிலேத்தாரில் இறங்கவோ அமெரிக்க உரிமம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அடகு அடகாகவே இருக்கும். வீட்டுக்குச் சாயம் அடித்தால் வீட்டுக் கடன் தீர்ந்துவிடுமா?

வாங்குமுன் ஒரு பொறியாளரை அனுப்பி விமானத்தைப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். சுபாங்கில் ஓய்வுபெற்ற உரிமப் பொறியாளர் ஒருவர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், எனக்காக வந்து பார்த்தார். பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கைப் பத்து நிமிடம் புரட்டினார். கடற்கரை ஊரில் ஆறு ஆண்டு பெரும்பாலும் நின்ற விமானம் என்றார். இந்த ரகத்தில் உள்ள லைக்கமிங் எச்2ஏடி இயந்திரம் ஓடாமல் நின்றால் கேம்ஷாஃப்ட் பக்கம் தேய்மானம் காட்டும் என்று பெயர் வாங்கியது. ஓவர்ஹால் என்னும் முழுப் பிரித்துச் செப்பனிடலுக்கான 2,000 மணிநேரம் ஆகவில்லை என்று விற்பவர் சொல்வதை வைத்துச் சந்தோஷப்பட முடியாது, அதே உற்பத்தியாளர் பன்னிரண்டு ஆண்டு என்றும் ஒரு கெடு வைத்திருக்கிறார். இருக்கைத் தண்டவாளத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அது தேய்ந்தால் ஏறும்போது விமானியின் இருக்கை பின்னால் நழுவும். அதற்கென்றே அமெரிக்க உத்தரவு ஒன்று உண்டு, 2011-இல் புதுப்பித்தது. அந்தச் சோதனை செய்ததற்கான பதிவு லாக்புக்கில் கடைசி நான்கு ஆண்டுக்கு இல்லை. அந்த இருக்கையில் உட்காரப்போவது என் பிள்ளை. ஆகவே இதைச் செலவுக் கணக்கோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

செலவுக் கணக்குக்கே வருகிறேன். என் கையில் ரசீது உள்ளவை: சிஐஎஃப் 460,750, யார்ட் வாடகை, தாமதக் கட்டணம் 14,300, கிள்ளானிலிருந்து சுபாங்குக்கு லாரியும் கிரேனும் 4,800, ஏஜெண்ட் கூலி 2,500, மறுபடி பூட்டுவதற்கு நீங்கள் ஒப்புக்கொண்ட 38,000. கூட்டினால் 520,350. முதலில் வாங்கிய நான்கு லட்சம், இப்போது கேட்கும் 260,000, ஆக 660,000. நடுவில் இருப்பது 139,650 ரிங்கிட். அதில் வரி இருக்கும், ஹேங்கர் வாடகை இருக்கும், அமெரிக்க வழக்கறிஞர் கூலி இருக்கும். இருக்கட்டும். யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எது எவ்வளவு என்று ஒரு தாள்? கே1 பாரத்தில் இறக்குமதியாளர் என்று பெயர் நிற்கிறவனுக்கே அதன் நகலைக் காட்டவில்லையே. நாளை சுங்கத்துறை தணிக்கைக்குக் கேட்டால் அவன் எதை எடுத்து நீட்டுவான்?

இந்தக் கதை முடியுமுன் செனக்கா.

ஆஸ்திரேலியாவில் வாங்கினால் பறந்தே வந்துவிடும், கண்டெய்னர் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பறந்து வந்தாலும் அது சரக்குதான். சக்கரம் தரையில் பட்டதும் அதற்கும் அறிவிப்பு உண்டு. டார்வினிலிருந்து குப்பாங் வரை ஏறக்குறைய 820 கிலோமீட்டர் கடல். பிறகு இந்தோனேசியா முழுக்க அனுமதி வாங்கி வாங்கித் தாண்ட வேண்டும், போகிற இடமெல்லாம் அவ்கேஸ் என்னும் சிறுவிமானப் பெட்ரோல் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. அழைத்துவரும் விமானிக்குக் கூலி, தங்கல், திரும்பிப்போக டிக்கெட், அந்த ஒரு பயணத்துக்கே தனிக் காப்புறுதி. ஆஸ்திரேலியாவில் 10 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஏற்றுமதிக்கு விலக்குக் கிடைக்கும், ஆனால் 60 நாளுக்குள் விமானம் நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். முதல் விமானத்துக்கு இறக்கை கழற்ற ஆள் பிடிக்கவே உங்களுக்கு 70 நாள் ஆயிற்று. இரண்டு இயந்திரம் என்றால் ஓவர்ஹாலும் இரண்டு என்பதைச் சொல்லவேண்டுமா?

லங்காவியில் இறக்கினால் வரி இல்லை என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு, சரி. தீவுக்குள்ளேயே சுற்றிச்சுற்றிப் பறக்கப் போகிறீர்களா? அங்கிருந்து சுபாங்குக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால், வெளிநாட்டிலிருந்து வந்த பொருளாகவே கணக்கு. பினாங்குக்கும் ஒரு காலத்தில் அந்தச் சலுகை இருந்தது, 1969-இல் போயிற்று.  இப்படிக் குறுக்கு வழி சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பாரத்தில் உன் பெயரைப் போடலாமா?

நான் கேட்பவை இவை.

முதல் விமானத்துக்கு இதுவரை வந்த, போன ஒவ்வொரு ரிங்கிட்டின் கணக்கையும் ரசீது நகலோடு இம்மாத இறுதிக்குள் நாற்பது உறுப்பினருக்கும் அனுப்புங்கள். கே1, வரிக் கட்டண ரசீது, திருத்திய விலைப்பட்டியல், கப்பல் ஆவணம் நான்கின் நகலும் என் மகன் கையில் தனியாக வரவேண்டும். இந்தக் கணக்கு வரும்வரை 6,500 ரிங்கிட் அறிவிப்பையும் பங்கு ரத்து மிரட்டலையும் திரும்பப் பெறுங்கள்.

செனக்காவுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் கேட்டால் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்து உடனே சொல்லுங்கள். கிடைக்குமானால் கேட்டு வாங்குங்கள். முதல் விமானம் 9எம் எழுத்தோடு ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்கும்வரை இன்னொன்று வேண்டாம். அதற்குப் பிறகு வாங்குவதானாலும் உரிமைத் தேடல், கூட்டின் செலவில் அனுப்பிய பொறியாளரின் சோதனை அறிக்கை, சுங்கத்துறையின் எழுத்து முடிவு, வீட்டு வாசல்வரை ஆகும் முழுச் செலவு ஆகிய நான்கையும் உறுப்பினர் முன்வைத்து, கை தூக்கச் சொல்லி, அதன்பிறகு பணம் அனுப்புங்கள். பணமும் விற்பவர் கைக்கு நேரே போகாமல், ஆவணம் எல்லாம் சேர்ந்த பிறகே விடுவிக்கும் நடுநிலைக் கணக்கில் போகட்டும். கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

ஹேங்கரில் நிற்கிற விமானத்தின் இருக்கைத் தண்டவாளமும் இயந்திரமும் உரிமப் பொறியாளரால் சோதிக்கப்பட்டு, எழுத்தில் அறிக்கை வந்த பிறகுதான் இறக்கை பூட்ட வேண்டும்.

கடைசியாக, கூட்டின் பதிவைப் புதுப்பியுங்கள். அது முடிந்ததும், இந்த இறக்குமதியில் பிற்பாடு எழும் எந்த வரிப் பாக்கியும் அபராதமும் கூட்டையே சேரும் என்று வழக்கறிஞர் முன்னிலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டு என் மகனிடம் கொடுங்கள். அதுவரை அவன் 6,500-ஐக் கட்டமாட்டான். அதற்காக அவன் பங்கை ரத்து செய்வதானால் செய்துகொள்ளுங்கள். ஆனால் ரத்துக் கடிதத்தின் அதே தாளில், இறக்குமதியாளர் என்று நிற்கிற அவன் பெயருக்கு இனி யார் பொறுப்பு என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் உறுப்பினரின் தாய்
செந்தூல், கோலாலம்பூர்